எடைதான் தோண்டுகிறது

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மாந்தோப்பு வைத்திருக்கும் பலரிடம் 45 அல்லது 50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. உழவு நாட்கள் போக மற்ற நாட்களில் அது கொட்டகையில் நிற்கும். அதே வீட்டுக்காரர் நான்கு குழி தோண்டுவதற்கும் ஒரு பைப்லைன் பதிப்பதற்கும் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு நாள் கணக்கில் காத்திருப்பார். வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தால் ஜேசிபி அங்கே போய்விடும். டிராக்டரின் பின்னாலேயே ஒரு பேக்ஹோவை மாட்டிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. பேக்ஹோ என்பது மண்ணைத் தன் பக்கமாக இழுத்துத் தோண்டும் வாளியும் அதைத் தாங்கும் மடக்குக் கையும்தான். டிராக்டருக்கென்றே அதைச் செய்து விற்கும் பட்டறைகளும் கம்பெனிகளும் நாட்டில் நிறைய உண்டு.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. நம் ஊர்களில் அதிகம் ஓடும் ஜேசிபி 3டிஎக்ஸ் வண்டியின் எஞ்சின் சுமார் 75 குதிரைத்திறன். டிராக்டர் எஞ்சின் 50. அப்படியானால் ஜேசிபி செய்யும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கையாவது டிராக்டர் செய்ய வேண்டும். ஆனால் ஜேசிபியின் பின்வாளி ஒரு கன மீட்டரில் கால் பங்கு மண்ணை அள்ளுகிறது. டிராக்டரில் மாட்டும் வாளிகள் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பல வாளிகள் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன. ஒரு வாளி அள்ள ஆகும் நேரமும் கூடுதல். குதிரைத்திறன் எங்கே போயிற்று?

வாளியின் பல் மண்ணுக்குள் இறங்கி ஒரு கல்லை நெம்புவதைக் கவனியுங்கள். வாளி கல்லை எவ்வளவு விசையோடு மேலே தூக்குகிறதோ, அதே விசையோடு கல் வாளியைக் கீழே இழுக்கிறது. வண்டியின் பின்புறம் தரையில் ஊன்றியிருக்கும் இரண்டு கால்களே இப்போது அச்சு. கல் ஜெயித்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துலாவின் ஒரு முனையில் நீர்ச்சால், மறுபுறம் மரத்தின் மேல் நடக்கும் ஆள். அவர் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக அதே உடல் எடை அதிக நீரைத் தூக்கும். எடையையும் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கி வருவதை இயற்பியலில் திருப்புத்திறன் என்கிறோம். டிராக்டரின் எடை ஏற்றத்தில் நடக்கும் ஆள். வாளியில் மாட்டிய கல் நீர்ச்சால்.

முழு எண்களில் கணக்குப் பார்ப்போம். 50 குதிரைத்திறன் டிராக்டர் ஏறத்தாழ 2 டன். அதன் எடை மையம் ஊன்றுகாலிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும். ஊன்றுகாலுக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி வாளி தோண்டினால், ஏறக்குறைய 1.3 டன் விசையிலேயே முன்சக்கரம் எழும்பத் தொடங்கிவிடும். 3டிஎக்ஸின் எடை ஏழரை டன். அதே மூன்று மீட்டரில் அது 5 டன் வரை தாக்குப்பிடிக்கும். எஞ்சினில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம், பிடிப்பில் நான்கு மடங்கு. வாளியைக் கீழே அழுத்தும்போது வண்டியின் பின்புறம் எழும்புவதற்கும், மண்ணை இழுக்கும்போது வண்டியே குழியை நோக்கிச் சறுக்குவதற்கும் இதே கணக்குத்தான். வண்டியின் எடை தாங்கும் அளவுக்குத்தான் தயாரிப்பாளர் வாளியைப் பெரிதாக்க முடியும். புதிரின் பெரும்பகுதி இத்துடன் அவிழ்ந்துவிடுகிறது.

எடை மையம் எங்கே என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஊரில் நெல்லும் கரும்பும் நிறுக்கும் எடை மேடைக்கு டிராக்டரை ஓட்டிச் செல்லுங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுங்கள், பிறகு முழு வண்டியையும் நிறுங்கள். முன்சக்கரம் மொத்தத்தில் எத்தனை பங்கோ, இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான நீளத்தில் பின்னச்சிலிருந்து அத்தனை பங்கு தள்ளி எடை மையம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரச் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளிலும் எடை, பின்னால் கருவிகளைச் சுழற்றும் பின்தண்டில் (பிடிஓ) கிடைக்கும் திறன், ஆயில் பம்பின் அளவு எல்லாம் இருக்கும். தெற்கு மாநிலங்களுக்கான நிலையம் நமக்குப் பக்கத்திலேயே, அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயில் இருக்கிறது. விற்பனையாளர் தரும் வண்ணத்தாளைவிட இந்த அறிக்கைகளை நான் நம்புவேன்.

டிராக்டரின் உடம்பு அடுத்த சிக்கல். லாரிக்கு இரும்புச் சட்டம் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்பாக்ஸ், பின்னச்சுக் கூடு என்ற வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கி, அதையே முதுகெலும்பாக வைத்துவிடுகிறார்கள். 1917இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் பரவலாக்கிய இந்த அமைப்பு மலிவானது, உழவுக்குப் போதுமானது. ஹாரி ஃபெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற, பின்னாலுள்ள மூன்று இணைப்புக் கைகளும் கலப்பையை மனதில் வைத்து உருவானவை. கலப்பை ஒரே திசையில், சீராக இழுக்கும். பேக்ஹோ அப்படியல்ல. ஒரு நொடி கீழே அழுத்தும், அடுத்த நொடி மேலே தூக்கும், கையைப் பக்கவாட்டில் வீசும்போது முறுக்கும். ஒரு மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல் இது நடக்கும்.

வார்ப்பிரும்பை அமுக்கினால் தாங்கும். இழுத்தால், முறுக்கினால் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொரு அடிக்கும் சிறிது நீண்டு, ஒரு நாள் கிளட்ச் கூட்டருகே டிராக்டர் இரண்டாகப் பிளந்து நிற்கும். உலோகச் சோர்வு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே மூன்று கைகளில் வெறுமனே மாட்டும் பேக்ஹோவை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னச்சிலிருந்து வண்டியின் முன்பகுதி வரை இருபுறமும் ஓடும் தனி இரும்புச் சட்டத்தோடு வருவதை மட்டுமே பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் விசையை வார்ப்பிரும்பின் மேல் விடாமல் தானே சுமந்துகொள்ளும். ஜேசிபி போன்ற வண்டிகள் தொடக்கத்திலேயே அத்தகைய எஃகுச் சட்டத்தின் மேல் கட்டப்படுபவை. அதனால்தான் அவை அவ்வளவு எடை, அவ்வளவு விலை.

இனி ஆயில். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிரான்சின் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரமா அதை வைத்து அழுத்தும் எந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். இதையே திரவ விசையியல், பேச்சு வழக்கில் ஹைட்ராலிக், என்கிறோம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் 175 பார் அழுத்தத்தில் ஆயிலை விட்டால், அதன் தண்டு சுமார் 14 டன் விசையோடு வெளியே வரும். டிராக்டர் ஆயில் பம்புக்கும் அந்த அழுத்தம் எட்டக்கூடியதே. விற்பவர் "பதினாலு டன் பவர் சார்" என்று சொன்னால் அது பொய்யல்ல. அந்த விசை நெம்புகோல் கைகளின் வழியே வாளியின் நுனிக்கு வருவதற்குள் சுருங்கிவிடும். சுருங்கியதிலும் டிராக்டரின் எடை தாங்கும் 1.3 டன்னுக்கு மேற்பட்டது பயன்படாது.

அழுத்தம் விசையைத் தருகிறது. வேகத்தைத் தருவது பாய்வு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஓடுகிறது என்பது. அதே சிலிண்டரின் தண்டு 75 சென்டிமீட்டர் நகர ஏறக்குறைய 6 லிட்டர் ஆயில் வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் பம்பு அதற்கு 12 வினாடி எடுக்கும். 90 லிட்டர் தருவது 4 வினாடியில் முடிக்கும். பூம் எனும் அடிக்கை எழ, முன்கை நீள, வாளி மடங்க, பக்கவாட்டில் திரும்ப என ஒவ்வொரு அள்ளலிலும் பல அசைவுகள். டிராக்டரின் சொந்த பம்பு கலப்பையைத் தூக்கி இறக்கத்தான் வைக்கப்பட்டது. பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயிலையே அது பயன்படுத்துகிறது. அதை வைத்து நாள் முழுக்கத் தோண்டினால் ஆயில் சூடேறும், தூசி சேரும், கியரும் கெடும். நல்ல தயாரிப்புகளில் பின்தண்டால் ஓடும் தனி பம்பும் தனி ஆயில் தொட்டியும் இருக்கும். இரும்புச் சட்டத்துக்கு அடுத்து விற்பவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி அது.

கல்லில் வாளி மாட்டி நின்றுவிட்டால் ஆயில் பாதுகாப்பு வால்வு வழியாகத் திரும்பி ஓடும். அந்தத் திறனெல்லாம் வெப்பமாகும். காற்றே 40 டிகிரியைத் தாண்டும் ஸ்ரீகாளஹஸ்தி மே மாத மதியத்தில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. ஆயில் நீர்த்துப்போய் சீல்களைத் தாண்டிக் கசியும், காலையில் சுறுசுறுப்பாக இருந்த கை மதியம் தளரும். டிரைவர் மேல் கோபப்படாதீர்கள்.

ஆனாலும் எந்திரத்தைவிட முக்கியமானது அது தோண்டப்போகும் நிலம். இந்த இரு மாவட்டங்களில் பல மண்வகைகள் உண்டு. நாயுடுபேட்டை, சூலூர்பேட்டை என முன்பு நெல்லூரோடு இருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த பகுதிகளில் மணலும் வண்டலும் நிறைய. அங்கே சிறிய பேக்ஹோவும் மளமளவென்று தோண்டும். சித்தூர், பங்காருபாளையம், பலமநேர், குப்பம் பக்கம் கதை வேறு. மேலே ஒன்றிரண்டு அடி செம்மண், அதன் கீழ் சரளை கலந்த மொரம்பு, அதற்கும் கீழ் கருங்கல். இந்தப் பாறை இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. திருமலை மலைப்பாதையில் இந்தப் பழைய கிரானைட்டும் அதன் மேல் மிகப் பின்னர் படிந்த குவார்ட்சைட்டும் சந்திக்கும் கோடு பாறைச் சரிவில் கண்ணால் பார்க்கும்படி தெரிகிறது. புவியியலாளர் போற்றும் இடம் அது. மலைக்குப் போகும்போது நின்று பாருங்கள்.

மொரம்பு என்பது பாதி மட்கிய பாறை. கிரானைட்டிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தை மழைநீர் மெல்லக் களிமண்ணாக்குகிறது; குவார்ட்ஸ் மட்டும் மணலாகவே மிஞ்சுகிறது. இந்த மட்கல் ஓரிடத்தில் இருபது அடி இறங்கியிருக்கும், ஐம்பது அடி தள்ளி இரண்டடியிலேயே பாறை தட்டும். தோண்டாமல் இதை அறிய ஒரு வழி ஒலி. தரையில் ஓங்கிச் சம்மட்டியால் அடித்து, அதிர்வு குறிப்பிட்ட தூரம் போய்ச் சேரும் நேரத்தைக் கருவியால் அளக்கிறார்கள். தளர்ந்த மண்ணில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும், மட்காத கருங்கல்லில் 5,000 மீட்டர் வரை போகும். வேகம் கூடக் கூட மண் கெட்டி என்று பொருள். கருவி இல்லாதவர் தன் தோட்டத்துத் திறந்த கிணற்றின் சுவரைப் பார்த்தால் போதும். செம்மண், மொரம்பு, பாறை எல்லாம் அடுக்கடுக்காக அங்கே தெரியும். கிணறு இல்லாவிட்டால் நான்கு மூலையிலும் கடப்பாரையைப் போட்டுப் பார்க்கலாம்.

செம்மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஈரம் இருக்கும்போது செடியைப் பிடுங்கினால் காய் கூடவே வரும், காய்ந்த பின் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்கிவிடும். துகள்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் காயக் காய, அது துகள்களை நெருக்கி இழுக்கிறது. இரும்பு ஆக்சைடும் நுண்களியும் சேர்ந்து காரை பூசியதுபோல் இறுக்குகின்றன. ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையம் இத்தகைய செம்மண்ணை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. கூம்பு முனையுள்ள கம்பியை மண்ணில் அழுத்தி, இறங்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளப்பது ஒரு முறை. ஈரம் வற்றும்போது அந்த விசை பல மடங்கு ஏறும்.

எனவே 1.3 டன்னோடு நின்றுவிடும் எந்திரத்துக்கு மழைக்குப் பிந்தைய வாரங்களே நல்ல காலம். ஆனால் அதே வாரங்களில்தான் டிராக்டர் உழவுக்கு வேண்டும். இரும்புச் சட்டத்தோடு கூடிய பேக்ஹோவைக் கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை. தினமும் செய்ய முடியாது. கொட்டகையில் சும்மா நிற்கும் டிராக்டர் என்று தொடக்கத்தில் நினைத்தோமே, அது சும்மா நிற்கும் நாட்கள் மண் கல்லாக இருக்கும் நாட்கள். வாங்கிய பலர் இதைப் பிறகுதான் உணர்கிறார்கள்.

இப்போது பணம். கீழே வரும் ரூபாய்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கரில் பத்து மீட்டர் இடைவெளியில் மா வைத்தால் ஏக்கருக்கு 40 வீதம் 200 குழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் என்றால் மொத்தம் 200 கன மீட்டர் மண். குழிக்குக் குழி நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஜேசிபி மணிக்கு 17 கன மீட்டர் என்றும், டிராக்டர் பேக்ஹோ 5 கன மீட்டர் என்றும் கொள்வோம். ஜேசிபிக்கு 12 மணி நேர வேலை, டிராக்டருக்கு 40. ஜேசிபி வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்றால் ஒரு கன மீட்டருக்கு 70 ரூபாய் ஆகிறது. சொந்த டிராக்டரில் மணிக்கு நான்கு லிட்டர் டீசலும் டிரைவர் கூலியும் சேர்த்து 550 ரூபாய் வைத்தால் கன மீட்டருக்கு 110 ரூபாய்.

வாங்கிய விலையை இதில் சேர்க்கவே இல்லை. பேக்ஹோ இலவசமாகக் கிடைத்தாலும், திறந்த நிலத்தில் பெரிய அளவு மண் எடுப்பதற்கு ஜேசிபியை அழைப்பதே லாபம். ஒரு மணிக்கு 550தான், 1,200 இல்லையே என்று கணக்குப் போடுவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மணிக்கணக்கை விட்டுவிட்டுக் கன மீட்டர் கணக்குக்கு வாருங்கள்.

அப்படியானால் யாரும் வாங்கவே வேண்டாமா? ஜேசிபி போக முடியாத இடங்கள் இருக்கின்றன. வளர்ந்த மாந்தோப்பின் கிளைகளுக்கு அடியில், குறுகிய வரப்பின் மேல், சொட்டுநீர்க் குழாய்கள் ஓடும் நிலத்தில் ஏழரை டன்னை ஏற்றினால் மரமும் கெடும், அடிமண்ணும் இறுகும். பின்னர் மழைநீர் இறங்காது, வேரும் இறங்காது. பைப் பதிக்க ஒன்றரை அடி அகலம் போதும். ஜேசிபியின் வழக்கமான வாளி அதைவிட மிக அகலம், தேவையில்லாத மண்ணையும் அள்ளி மறுபடி மூட வைக்கும். இந்த வேலைகளில் பேக்ஹோவோடு ஒப்பிட வேண்டியது மனித உழைப்பை. ஒருவர் மொரம்பு கலந்த செம்மண்ணில் நாளைக்கு ஒன்றரை கன மீட்டர் தோண்டுவார், கூலி 500 என்றால் கன மீட்டருக்கு 330 ரூபாய். பேக்ஹோ 110இல் முடிக்கிறது. மிச்சம் 220.

பேக்ஹோவின் விலை 4 லட்சம் என்று வைப்போம். பத்தாண்டுத் தேய்மானம், வட்டி, ஹோஸ், பின், சீல் செலவு எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். கன மீட்டருக்கு 220 மிச்சமானால் ஏறக்குறைய 320 கன மீட்டர் தோண்டினால்தான் அது ஈடாகும். ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழப் பள்ளத்தில் இது 1.2 கிலோமீட்டர் நீளம். இந்த ஆண்டு மட்டுமல்ல, ஒவ்வோர் ஆண்டும். ஐந்து ஏக்கர்க்காரருக்கு அவ்வளவு வேலை கிடையாது. மாங்குழி ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வெட்டுவது. தோட்டத்துக்குள் பைப் பதிப்பதையே தொழிலாக எடுத்துச் சுற்று ஊர்களுக்குப் போகிறவருக்கு உண்டு. அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் உண்டு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 கோடையில் சித்தூர் தோத்தாபுரி மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று நிர்ணயிக்க வேண்டிய நிலை வந்தது. ஆலை விலையில் 4 லட்சம் ரூபாய் என்பது 50 டன் மாங்காய். அவ்வளவு காயைப் பறித்து, ஏற்றி, ஆலை வாசலில் லாரி வரிசையில் காத்து நின்று விற்ற பணத்தை, ஆண்டில் பத்து நாள் ஓடும் இரும்பில் போடுவதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வேலைக்கு அது பொருந்துகிறது என்று தோன்றினால், முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரை உங்கள் நிலத்துக்கே வரவழையுங்கள். மழை முடிந்த வாரத்தில் வேண்டாம். கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, நீங்கள் தோண்ட நினைக்கும் அதே இடத்தில் ஒரு மணி நேரம் தோண்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம் எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு குழிக்குள் நாடாவை இறக்கி நீளம், அகலம், ஆழம் அளந்து கன மீட்டரைக் கணக்கிட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.